விசா வேண்டாம், படிவம் வேண்டும்: மலேசியப் பயணத்துக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாராவது எப்படி?

ரயில் டிக்கெட் எடுப்பது, மின் கட்டணம் கட்டுவது எல்லாம் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்திலேயே பழகி விடுகிறது. வெளிநாட்டுப் பயணம் என்றதும்தான் பலருக்குக் கை தயங்குகிறது. "மலேசியாவுக்கு விசா வேண்டாமாமே, அப்புறம் எதற்கு ஆன்லைனில் ஏதோ ஃபார்ம் போடச் சொல்கிறார்கள்?" என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. நான் டிராவல் ஏஜென்ட் அல்ல. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஆனால் ஆன்லைன் படிவங்களை எழுதுவதுதான் என் அன்றாட வேலை என்பதால், வீட்டில் யார் வெளிநாடு கிளம்பினாலும் பாஸ்போர்ட்டும் கையுமாக என் மேஜைக்கு வந்து விடுவார்கள். அப்படி உட்கார்ந்து நிரப்பியதில் தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மலேசியாவை எடுத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். நம்மவர்களில் பலருக்கு முதல் வெளிநாடு அதுதான். அதோடு, விசா என்றால் என்ன, நுழைவு அனுமதி என்றால் என்ன என்ற வித்தியாசத்தை இந்த நாட்டின் விதிகளை வைத்துப் புரிந்து கொள்வது சுலபம்.

மூன்று பெயர்கள், மூன்று வேலைகள்

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக் கொள்வோம். விசா என்பது அந்த நாட்டின் வாசல் வரை வருவதற்கான அனுமதி. அது கையில் இருந்தாலும் உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் குடியேற்ற அதிகாரிதான். அவர் உள்ளே விட முடிவு செய்தால் தருவது பாஸ். சுற்றுலாப் பயணிக்குக் கிடைப்பது விசிட் பாஸ். இத்தனை நாள் தங்கலாம், வேலை பார்க்கக் கூடாது என்பதெல்லாம் இந்தப் பாஸின் நிபந்தனைகள்.

மூன்றாவது, வருகை அட்டை. முன்பெல்லாம் விமானம் இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் பணிப்பெண் ஒரு சின்ன அட்டையைக் கொடுப்பார். பக்கத்து சீட்காரரிடம் பேனா கடன் வாங்கி நிரப்புவோமே, அதன் கம்ப்யூட்டர் வடிவம்தான் இது. நீங்கள் யார், எந்த விமானத்தில் வருகிறீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. அது விசாவும் அல்ல, பாஸும் அல்ல. ஆனால் அது இல்லாமல் போனால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இப்போது மலேசியாவுக்கு வருவோம். இந்தியர்களும் சீனர்களும் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை வந்து தங்கலாம் என்று அந்நாட்டுப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் 2023 நவம்பர் இறுதியில் அறிவித்தார். இந்தியர்களுக்கான இந்தச் சலுகை பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அதாவது, மேலே சொன்ன மூன்றில் முதலாவதை மட்டும்தான் எடுத்து விட்டார்கள். பாஸ் அப்படியே இருக்கிறது. வருகை அட்டையோ 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாகி விட்டது. மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டு என்பது அதன் பெயர், சுருக்கமாக எம்.டி.ஏ.சி.

இது சலுகைதான், நிரந்தர உரிமை அல்ல என்பதையும் கவனியுங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு பயணம் வைத்திருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்பே மலேசியக் குடியேற்றத் துறையின் வெப்சைட்டில் விதி என்ன என்று பார்த்து விடுங்கள். மூன்று வருடத்துக்கு முன் போய் வந்தவர் சொல்வதை வைத்து டிக்கெட் போடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் போனது வேறு விதியில்.

சரியான வெப்சைட் எது?

என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு இடத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மகள் வீட்டுக்கு மனைவியோடு கோலாலம்பூர் போக ஏற்பாடு. புது லேப்டாப்பில் தானே கூகுளில் தேடி, முதலில் வந்த வெப்சைட்டைத் திறந்து, எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பி, ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் கார்டில் கட்டியிருக்கிறார். மறுநாள் என்னிடம் பிரிண்டைக் காட்டி, "தம்பி, இது சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க" என்றார். பார்த்தேன். "சார், இந்த ஃபார்முக்குக் காசே கிடையாது சார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காசு போனா போகுது தம்பி. ரெண்டு பேர் பாஸ்போர்ட் நம்பரும் பிறந்த தேதியும் கொடுத்திருக்கேனே, அது எங்கே போயிருக்கும்?" என்று கேட்டார். சரியான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் நிரப்பிய படிவம் மலேசிய அரசுக்குப் போயிற்றா என்பதும் தெரியாது. அதனால் அரசின் வெப்சைட்டில் இருவருக்கும் புதிதாக ஒன்று நிரப்பினோம்.

எம்.டி.ஏ.சி. முழுக்க முழுக்க இலவசம். கார்டு எண் கேட்கும் எந்த வெப்சைட்டும் மலேசிய அரசுடையது அல்ல. இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் காசு கேட்காமல் தகவலை மட்டும் திருடும் தளங்களும் இருக்கலாம் அல்லவா? அதற்குத்தான் வெப்சைட் முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும்.

தபால் கவரில் முகவரி எப்படி எழுதுகிறோம்? முதலில் பெயர், பிறகு வீட்டு எண், தெரு, கடைசியில் ஊரும் பின்கோடும். ஆனால் தபால் பிரிப்பவர் படிப்பது கீழிருந்து மேலே. பின்கோடுதான் அவருக்கு முக்கியம். வெப்சைட் முகவரியும் அப்படியே. கண் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. ஆனால் உரிமையாளர் யார் என்பது வலது பக்கத்தில் இருக்கிறது.

பிரவுசரின் மேலே உள்ள முகவரிப் பட்டியில் ஒரு கிளிக் செய்யுங்கள். முழு முகவரியும் தெரியும். எச்.டி.டி.பி.எஸ். என்பதற்குப் பின்னால் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டு விடுங்கள். அதற்கு அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை விரலை நகர்த்துங்கள். அந்த இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இடது பக்கமாகத் திரும்பிப் படியுங்கள். மலேசிய அரசின் படிவம் என்றால், சாய்கோட்டுக்கு ஒட்டி முதலில் எம்.ஒய். இருக்க வேண்டும். அது மலேசியாவுக்கான எழுத்து. அதற்கு இடது பக்கம் புள்ளி வைத்து ஜி.ஓ.வி., அதாவது கவ். இந்த இரண்டும் சேர்ந்த 'கவ் டாட் எம்.ஒய்' என்ற வாலை அந்நாட்டின் அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் தருவார்கள். கடைக்காரர் யாரும் விலை கொடுத்து வாங்க முடியாது.

முழு முகவரி இப்படி வரும்: இமிக்ரேசென்-ஆன்லைன் டாட் ஐ.எம்.ஐ. டாட் கவ் டாட் எம்.ஒய். பிறகு சாய்கோடு போட்டு எம்.டி.ஏ.சி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இமிக்ரேசென் என்பதில் ஒரே ஒரு எம்தான் வரும், முடிவில் எஸ்.ஈ.என். என்று இருக்கும். ஆங்கிலம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்து, "ஸ்பெல்லிங்கே தப்பாக இருக்கிறது, இது டூப்ளிகேட்" என்று மூடிவிட்டு, எழுத்துப் பிழையில்லாத போலித் தளத்துக்குப் போய்விடுகிறார்கள்! அது தப்பு அல்ல, மலாய் மொழி. மலாயில் அந்தச் சொல்லை அப்படித்தான் எழுதுவார்கள்.

இப்போது ஒரு சின்னப் பரீட்சை. 'எம்.டி.ஏ.சி-கவ்-எம்.ஒய் டாட் காம்' என்று ஒரு முகவரி இருப்பதாக வைத்துக் கொள்வோம். கவ் இருக்கிறது, எம்.ஒய். இருக்கிறது. நம்பலாமா? வலமிருந்து படியுங்கள். முதலில் வருவது காம். அவ்வளவுதான், அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. காம் முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நடுவில் இருப்பவை புள்ளி அல்ல, வெறும் இணைப்புக் கோடுகள் என்பதையும் பாருங்கள். புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் ஆசிரியர் சார் கட்டிய எட்டாயிரம் ரூபாய் போனது.

பூட்டுப் படம் இருந்தால் பத்திரமான தளம் என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் பூட்டின் பொருள். அந்தத் தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்று பூட்டு சொல்லாது. திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டு போடலாம் இல்லையா? இந்தக் குழப்பத்தால்தான் 2023-ல் க்ரோம் பிரவுசர் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு அடையாளம் வைத்தது.

கூகுள் தேடலில் மேலே வரும் சில முடிவுகளுக்குப் பக்கத்தில் விளம்பரம் என்றோ ஸ்பான்சர்ட் என்றோ சின்ன எழுத்தில் போட்டிருக்கும். காசு கொடுத்து வாங்கிய இடம் அது. அரசுப் படிவம் தேடும்போது அதைத் தாண்டிக் கீழே போவது நல்லது. என் பழக்கம் என்னவென்றால், தேடுவதையே தவிர்த்து முகவரியை நேரடியாக டைப் செய்து, திறந்தவுடன் புக்மார்க் செய்து வைத்து விடுவேன்.

தெரியாமல் காசு கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக் கொண்டு சும்மா இருக்க வேண்டாம். வங்கிக்கு உடனே போன் செய்து கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.

பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு

படிவத்தை எப்போது நிரப்புவது? மலேசியாவில் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். பத்து நாள் முன்னதாகவே முடித்து விடலாம் என்று உட்கார்ந்தால் நடக்காது. ஒரு மாதம் முன்பே இதை முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் தகவலை வாங்கி வைத்துக் கொண்டு காத்திருக்கப் போகிறார் என்று பொருள். குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம் வேண்டும்.

முதல் கட்டம் பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் எப்போதும் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலியாக இருக்கும். தன் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேம் என்ற இடத்தில் இருக்கும். எம்.டி.ஏ.சி.யில் பெயருக்கு ஒரே கட்டம்தான் என்பதால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயரையும் டைப் செய்தால் போதும். இனிஷியலை விரிக்கவோ சுருக்கவோ வேண்டாம். ரேஷன் கார்டில் எப்படி இருக்கிறது, வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

விமான டிக்கெட்டில் லாஸ்ட் நேம் கட்டாயம் என்று கேட்பது தனிக் கதை. ஒற்றைப் பெயர்காரர்கள் என்ன போட வேண்டும் என்பதை ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் வெப்சைட்டில் சொல்லியிருக்கும், அதன்படி செய்யுங்கள். சும்மா ஒரு பெயர் விஷயம் என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதியே கொண்டு வந்தது.

அடுத்தது பாஸ்போர்ட் எண். இந்தியப் பாஸ்போர்ட்டில் முதலில் ஒரு ஆங்கில எழுத்து, பிறகு ஏழு எண்கள். ஆகவே முதல் இடத்தைத் தவிர வேறெங்கும் ஓ என்ற எழுத்து வராது, அது பூஜ்ஜியம்தான். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பாஸ்போர்ட்டின் போட்டோ உள்ள பக்கத்தில் அடியில் இரண்டு வரிகள் அம்புக்குறி மாதிரி நிறைய அடையாளங்களோடு இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். மெஷின் படிப்பதற்கான வரிகள் அவை. ஒவ்வொன்றிலும் சரியாக 44 இடங்கள். இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண் இருக்கும். அதை ஒட்டி ஒரு எண் அதிகமாக இருக்கும். அதற்குச் சோதனை எண் என்று பெயர்.

அது எப்படி வருகிறது தெரியுமா? ஏ என்ற எழுத்துக்கு 10, பி-க்கு 11 என்று இசட்டுக்கு 35 வரை மதிப்பு. அந்த இடத்தில் உள்ளவற்றை வரிசையாக 7, 3, 1, மறுபடி 7, 3, 1 என்று பெருக்கிக் கூட்டி 10-ஆல் வகுத்தால் மிஞ்சுவதுதான் சோதனை எண். எம்1234567 என்று ஒரு கற்பனை எண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். எம்முக்கு மதிப்பு 22. கூட்டினால் 260 வரும், மீதி 0. கை தவறி எம்2134567 என்று மாற்றிப் போட்டால் 262 வரும், மீதி 2. மீதி மாறிவிட்டதால் எங்கோ தவறு என்று மெஷினுக்குத் தெரிந்து விடுகிறது. பேப்பர் பேனா எடுத்து உங்கள் எண்ணுக்குப் போட்டுப் பாருங்கள். பொழுது நன்றாகப் போகும்.

ஆனால் வருகைப் படிவத்தில் இந்தச் சோதனை எண்ணைக் கேட்பதில்லை. எண்ணை இடம் மாற்றி டைப் செய்தாலும் படிவம் பேசாமல் ஏற்றுக் கொள்ளும். நீங்களும் நிம்மதியாகக் கிளம்பி விடுவீர்கள். விமான நிலைய கவுன்டரில் மெஷின் பாஸ்போர்ட்டைப் படித்து, அந்த எண்ணில் யாரும் படிவம் போடவில்லை என்று சொல்லும்போதுதான் விஷயம் தெரியும். படிவம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று பொருள் இல்லை. கட்டம் காலியாக இல்லை, தேதி தேதி மாதிரி இருக்கிறது என்பதைத்தான் படிவத்தால் பார்க்க முடியும். அது உங்கள் பாஸ்போர்ட்தானா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசிக்க, இன்னொருவர் திரையில் சரி பார்ப்பதே நல்ல வழி.

அடுத்து, வந்து சேரும் தேதி. மலேசிய நேரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 16-ஆம் தேதி இரவு 11.30-க்குச் சென்னையில் விமானம் கிளம்புகிறது என்றால் அங்கே அப்போதே 17-ஆம் தேதி அதிகாலை 2 மணி. நான்கு மணி நேரம் பறந்து இறங்கும்போது 17-ஆம் தேதி காலை 6 மணி. படிவத்தில் போட வேண்டியது 17, டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் 16 அல்ல. தேதியை நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் போடுங்கள்.

கடைசியாகப் புறப்பட்ட இடம் என்று கேட்பதும் இப்படித்தான். கொழும்பு வழியாகப் போகிறவர்களுக்கு அது இந்தியா அல்ல, இலங்கை. தங்கும் முகவரியில் முதலில் மாநிலம், பிறகு ஊர், பிறகு அஞ்சல் எண் என்று கேட்கும். மலேசிய அஞ்சல் எண் ஐந்து இலக்கம். பழக்கத்தில் நம் ஊர் ஆறு இலக்கத்தைப் போட்டு விடாதீர்கள். பத்துமலை முருகன் கோவில் பக்கம் தங்குகிறவர்கள் கவனிக்க: அது கோலாலம்பூருக்கு அருகில் இருந்தாலும் சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்தது. உறவினர் வீட்டில் தங்கினால் அதற்கும் தனித் தேர்வு இருக்கிறது. ஹோட்டல் என்று பொய்யாகப் போட வேண்டிய அவசியமே இல்லை.

மின்னஞ்சல் முகவரியை நிதானமாக டைப் செய்யுங்கள். படிவம் பதிவானதற்கான பதில் அதற்குத்தான் வரும். இன்பாக்ஸில் காணோம் என்றால் ஸ்பாம் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். வந்ததும் ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். கைபேசியில் இருக்கிறதே என்பீர்கள். விமான நிலையத்தில் சார்ஜ் இறங்கி, வெளிநாட்டு சிம் வேலை செய்யாமல் நிற்கும்போது அந்த ஒரு தாளின் அருமை தெரியும். பிரவுசிங் சென்டரில் நிரப்புகிறவர்கள் வேலை முடிந்ததும் மெயிலிலிருந்து லாக் அவுட் செய்யுங்கள். டவுன்லோட் ஃபோல்டரில் உள்ள பாஸ்போர்ட் ஸ்கேனை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த பிறகு எழுந்து வாருங்கள்.

சிங்கப்பூரையும் சேர்த்துப் பார்க்க ஆசையா?

மலேசியா வரை போகிறோம், பக்கத்தில்தானே சிங்கப்பூர், பஸ்ஸிலேயே பார்த்துவிட்டு வந்து விடலாம் என்று கடைசி நேரத்தில் திட்டம் மாறும். இங்கேதான் ஆபத்து. ஒரு பாலம்தான் தூரம், ஆனால் விதி வேறு. சிங்கப்பூருக்கு இந்தியர்கள் முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட்கள் மூலமாகவோ, சிங்கப்பூரில் உள்ள உறவினர் மூலமாகவோதான் விண்ணப்பிப்பது வழக்கம். எனவே இங்கே ஏஜென்ட் காசு கேட்டால் அது மோசடி அல்ல. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. ஏஜென்டின் சேவைக் கட்டணம் தனி.

அதற்கு மேல் சிங்கப்பூருக்கும் ஒரு வருகை அட்டை இருக்கிறது. எஸ்.ஜி. அரைவல் கார்டு என்று பெயர். மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், இதுவும் இலவசம்தான். முகவரியின் வால் கவ் டாட் எஸ்.ஜி. என்று இருக்க வேண்டும். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற விவரம் மின்னஞ்சலில்தான் வருகிறது. மின்னஞ்சல் முகவரியில் ஒரு புள்ளி தவறினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து மறுபடி மலேசியாவுக்குத் திரும்பினால் அது புது வருகை. புதிதாக ஒரு எம்.டி.ஏ.சி. போட வேண்டும். இந்த முறை பயண வழி என்ற இடத்தில் விமானம் அல்ல, தரை வழி. முதல் படிவம் இருக்கிறதே என்று ஜொகூர் பாரு சோதனைச் சாவடியில் வாதாடிப் பயனில்லை. பாஸும் அப்படியே, திரும்பி வந்ததும் இன்னொரு 30 நாள் உரிமையோடு கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அது அதிகாரியின் முடிவு. இதையே தலைகீழாகச் செய்து, சிங்கப்பூரில் இறங்கி மலேசியா பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர் வழியாக ஊர் திரும்புகிறவர்கள், தங்கள் சிங்கப்பூர் விசா எத்தனை முறை நுழைய அனுமதிக்கிறது என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டும்.

தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதே போன்ற டிஜிட்டல் வருகை அட்டையைக் கொண்டு வந்து விட்டது. அங்கே அரசு முகவரியின் வால் கவ் அல்ல, ஜி.ஓ. டாட் டி.எச்.

கவுன்டரில்

படிவம் ஒழுங்காக இருந்தாலும் அதிகாரி கேள்வி கேட்கலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பி வர டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம், செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டச் சொல்லலாம். இவை எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் பி.டி.எஃப். கோப்புகளாக வைத்து, கோப்புக்குப் புரிகிற மாதிரிப் பெயர் கொடுங்கள். ஸ்கேன் 1, ஸ்கேன் 2 என்று வைத்தால் அவசரத்துக்குத் தேட முடியாது.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். வேலைக்குப் போகும்போது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் நாடுகள் பட்டியலில் மலேசியாவும் தாய்லாந்தும் உள்ளன. சுற்றுலாவுக்குப் போக அந்த அனுமதி தேவை இல்லை. ஆனால் நம் ஊர் விமான நிலையத்திலேயே கொஞ்சம் கூடுதலாக விசாரிப்பார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட விவரமும் கையில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

அந்த விசாரணைக்குக் காரணம் இருக்கிறது. "விசாவே வேண்டாம், இப்போ டூரிஸ்டா போயிடு, அங்கே போனதும் பெர்மிட் மாத்திக்கலாம்" என்று சொல்லி ஆள் பிடிக்கும் கூட்டம் இருக்கிறது. விசா இல்லாத சலுகை அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. செலவு குறைவு, காட்ட வேண்டிய தாளும் குறைவு. விசிட் பாஸில் வேலை செய்வது சட்ட விரோதம். 30 நாள் தாண்டினால் அதுவும் குற்றம். மலேசியக் குடியேற்றச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாளைத் தாண்டித் தங்குபவருக்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆள் பிடித்து அனுப்பியவர் அப்போது போனை எடுக்க மாட்டார். உங்கள் வீட்டுப் பையன் யாராவது இப்படிக் கிளம்பினால், வேலைக்கான அனுமதி இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று. சபா, சரவாக் என்ற இரு மாநிலங்களும் மலேசியாவில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குச் சொந்தமாகக் குடியேற்றக் கட்டுப்பாடு உண்டு. கோலாலம்பூரிலிருந்து உள்நாட்டு விமானத்தில் போனாலும் அங்கே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கவுன்டரில் முத்திரை குத்திப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தவுடன் பைக்குள் போட்டு விடாமல், இரண்டு அடி நகர்ந்து நின்று தேதியையும் நாட்களின் எண்ணிக்கையையும் படியுங்கள். மை மங்கலாக இருந்தாலோ தேதி தவறாகத் தெரிந்தாலோ அங்கேயே திரும்பிப் போய்க் கேட்கலாம். வெளியே வந்த பிறகு கஷ்டம். பிறகு அந்தப் பக்கத்தைக் கைபேசியில் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு மெயிலில் அனுப்பி வையுங்கள்.